படிவத்தில் மறைக்கப்படும் நோய்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பைத்துல்மாலில் மருத்துவ உதவி கோரி வந்த மனுக்களைப் பரிசீலித்தபோது ஒன்றைக் கண்ணுற்றோம். இருதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் உதவி கேட்டோர் நோயின் பெயரை எழுதியிருந்தனர். சில மனுக்களில் மட்டும் 'குடும்பக் கஷ்டம்' என்றிருந்தது. விசாரித்தபோதுதான் அவை மனநோய்ச் சிகிச்சைக்கான செலவு என்று தெரிய வந்தது.

அவற்றுள் ஒன்றை, குடும்பத்தாரின் இசைவு பெற்று, அடையாளம் மறைத்துக் கூறுகிறோம். மகன் கல்லூரிப் பருவத்திலேயே மனநோய்க்கு மருத்துவம் பார்த்தவர். 2019இல் தகப்பனார் குடும்பம் முழுமைக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தார். 'மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா?' என்பது படிவத்தில் ஒரு வினா. வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வேளை அது. "இல்லை என்றே போடுங்கள் பாய், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் முகவர். 2022இல் மகனைப் பதினெட்டு நாள் மருத்துவமனையில் வைத்திருக்க நேர்ந்தது. பழைய சிகிச்சை மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்ததால், நோயை மறைத்ததாகக் கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. தாயாரின் நகைகள் போயின. நிராகரிப்புக் கடிதத்தைக் கையிலெடுத்துக்கொண்டு நாங்களும் விவரம் தெரிந்த பலரிடம் சென்றோம். பயனில்லை. அந்த ஒரு 'இல்லை' எங்கள் வாயையும் அடைத்துவிட்டது.

சட்டம் இவ்விஷயத்தில் நம் பக்கமே நிற்கிறது என்பதுதான் வேதனை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை இன்று அறவே தடை செய்திருப்பது 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம். அதே சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எவ்வாறோ அவ்வாறே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டுமென ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திற்கும் கடமை விதிக்கிறது. இச்சட்டம் 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னரும் 'மனநோய் நீங்கலாக' என்று அச்சிட்ட பாலிசியைக் காட்டிப் பணம் மறுத்தவர்கள் உண்டு. அத்தகைய வழக்கொன்றில் 2021இல் டில்லி உயர் நீதிமன்றம் நிறுவனம் பணம் கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எல்லா பாலிசிகளிலும் மனநோய் இடம்பெற வேண்டுமென்று, 2022 அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்துக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் உத்தரவிட்டது.

நமது மஹல்லாவிலேயே மற்றொரு சகோதரருக்குக் காப்பீடு எடுத்த பின்னர்தான் மனநோய் கண்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. நிறுவனம் முதலில் மறுத்தது. 21(4) பிரிவைச் சுட்டி எழுத உதவினோம். இரண்டாம் கடிதத்திலேயே தொகை கிடைத்தது. ஒரே தெருவில் நடந்தவை இவ்விரண்டும்.

ஆகவே படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உண்மையைச் சொன்னால் சில நிறுவனங்கள் பிரீமியத்தை உயர்த்தலாம். விண்ணப்பத்தையே மறுக்கவும் கூடும். ஆயினும் வேறு நிறுவனத்தை நாடலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி ஒழிய, தகவல் சொல்லவில்லை என்று கூறித் தட்டிக்கழிக்க இயலாது. பணிபுரியும் பிள்ளைகளுக்கு நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு இருப்பின் அதன் ஷரத்துகளையும் ஒருமுறை வாசியுங்கள். காப்பீட்டின் மார்க்கச் சட்டம் குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேற்றுமைக்குள் இவ்வுரை புகவில்லை; எடுத்தவர்கள் ஏமாறக் கூடாதென்பதே எங்கள் கவலை.

காப்பீட்டுக்கும் எல்லையுண்டு. மனநோயாளருள் பெரும்பாலோருக்கு வேண்டுவது மாத்திரையும் ஆலோசனையுமே. பெரும்பாலான பாலிசிகளோ உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். இக்குறையை அரசுதான் தீர்க்க வேண்டும். அதுவரை மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. 14416 என்னும் இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் ஓதுகிறோம், மாத்திரையும் கொடுக்கிறோம் அல்லவா?

அந்தத் தகப்பனார் பொய் எழுதியது யாருக்கு அஞ்சி? காப்பீட்டு நிறுவனத்திற்கு அஞ்சியல்ல, நமக்கு அஞ்சி. சம்பந்தம் விசாரிக்க வருவோரிடம் "அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு மாதிரி" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறவர்கள் வெளியூரார் அல்லர்.

இனி, மனநோய்க்கான மனுக்களைத் தலைவரும் செயலாளரும் மட்டுமே பார்ப்பதென நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மஃரிபுக்குப் பின் மதரஸா அறையில் காப்பீட்டுப் படிவம் நிரப்பவும், மறுக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு முறையீடு எழுதவும் உதவுவோம். நிறுவனத்திற்கு எழுதி முப்பது நாளில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி தராவிடினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. வருவோர் பாலிசி, நிராகரிப்புக் கடிதம், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பு ஆகியவற்றின் நகல்களைத் தவறாது கொண்டு வருக.