போன் அடங்கிப் போனால் யார் பேசுவா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவ. வீட்டு வேலையும் குழு வேலையும்தான் எனக்குத் தெரிஞ்சது. "பேரிடர் நேரத்தில் பெண்கள்" என்று தலைப்புக் கொடுத்தாங்க. அரிசி, மருந்து, டார்ச் லைட் பற்றி மற்ற அக்காமார் சொல்லுவாங்க. நான் சேதியைப் பற்றிச் சொல்றேன். வெள்ளத்தில் மாட்டினவங்களுக்குச் சோறு தண்ணிக்கு முன்னாடி ஒண்ணு வேணும். நாங்க இங்கே இருக்கோம்னு வெளியே தெரியணும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம யாரும் மறக்கல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கிட்ட மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோட ரயில் நின்னு போச்சு. தூத்துக்குடிப் பக்கம் பல ஊர்களில் போன் சிக்னல் இல்லை. அங்கே மகளைக் கட்டிக் கொடுத்த தாய்மார், உயிரோட இருக்காளான்னு தெரியாம தவிச்சாங்க.

போன் ஏன் அடங்குது? டவருக்குக் கரண்ட் வேணும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் ஓட டீசல் வேணும். ரோடு அறுந்து போனால் டீசல் எப்படி வரும்? நம்ம கையில் இருக்கிற போன் நல்லாத்தான் இருக்கும், ஆனால் பேசாது.

அந்த நேரத்தில் டவர் இல்லாமலே பேசுறவங்க சிலர் இருக்காங்க. அவங்களுக்கு ஹாம் ரேடியோக்காரங்கன்னு பேரு. ஒரு செட்டு, ஒரு கார் பேட்டரி, உயரத்தில் கட்டின ஒரு கம்பி, அவ்வளவுதான். ஒரு வகை அலை வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைலுக்கு அப்பாலும் இறங்கும். இன்னொரு வகை பக்கத்து ஊர்களுக்குள்ள பேச உதவும். ஆனால் நம்ம ஊர் மாதிரி நடுவில் மலை நின்னால் அதை மறைச்சிடும். அதுக்காக உயரத்தில் ஒரு செட்டை வைச்சு, சேதியை வாங்கி மறுபடி அனுப்புவாங்க. இதுக்கெல்லாம் சம்பளம் கிடையாது. காசு வாங்கவும், வியாபாரம் பேசவும் சட்டமே அனுமதிக்காது.

இதில் நான் சொல்ல நினைச்சது ஒரு பெண்ணைப் பற்றி. பேரு பாரதி பிரசாத். அவங்களும் பிள்ளை குட்டி உள்ள ஒரு குடும்பத் தலைவிதான். அந்தமானில் 1987-க்குப் பிறகு ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாமல் இருந்துச்சு. அவங்க பல வருஷம் விடாமல் கேட்டு, அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு சின்னக் குழுவோட போர்ட் பிளேர் போனாங்க. இப்போ அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேரு. ஒரு ஹோட்டல் அறையில் செட்டை வைச்சு உலக நாட்டு ஹாம்காரங்களோட பேசிக்கிட்டு இருந்தாங்க.

டிசம்பர் 26 காலையில் ஆறரை மணிக்கு நிலம் ஆடுச்சு. பிறகு கடல் வந்துச்சு. கரண்ட் போச்சு, போன் போச்சு. விளையாட்டா நடந்த பேச்சை அந்த அம்மா அங்கேயே நிறுத்தினாங்க. அதே செட்டில் தீவின் நிலைமையை இந்தியாவுக்குச் சொன்னாங்க. உறவுகளைத் தேடி வந்தவங்களிடம் பேரு, ஊரு கேட்டு எழுதி அனுப்பினாங்க, பதில் வாங்கிக் கொடுத்தாங்க. கார் நிகோபார் தீவிலும் குழுவினர் செட்டு வைச்சாங்க. ஊருக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே இருந்து வேலை பார்த்தாங்க. ஒரு பெண் பிடிவாதமா அனுமதி வாங்கினதால்தான் அன்றைக்கு அந்தச் செட்டு அங்கே இருந்துச்சு.

"கடன் வசூலே பெரும்பாடு, இதில் ரேடியோ வேற எதுக்கு?" என்று சில அக்காமார் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பிள்ளை ஒண்ணு போயிடுச்சு. மேலே மலையில் மழை, கீழே நிக்கிறவங்களுக்கு அது தெரியாது. நம்ம ஊரில் பத்து நிமிஷம் முந்தி வரும் சேதி ஒரு உயிருக்குச் சமம். நாம எல்லாரும் செட்டு வாங்கணும்னு நான் சொல்லல. லைசென்ஸ் இல்லாமல் பேசினால் குற்றம். நான் கேட்பது மூணு காரியம்.

ஒண்ணு, நம்ம பெண் பிள்ளைகளில் ஆர்வம் உள்ள நாலு பேரை ஹாம் பரீட்சை எழுத வைப்போம். 12 வயசு நிறைஞ்சிருந்தால் போதும். ரேடியோ எப்படி வேலை செய்யுது, சட்டம் என்ன சொல்லுது, இவ்வளவுதான் கேட்பாங்க. முதல் நிலைக்குத் தந்தி மொழி கூடத் தேவையில்லை. அந்தச் செலவைக் கூட்டமைப்பு ஏத்துக்கணும்.

ரெண்டு, ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதணும். தனியா இருக்கிற பெரியவங்க, கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க, ஒவ்வொருத்தருக்கும் வெளியூர் உறவு ஒருத்தர் நம்பர். நம்பர் எல்லாம் போனுக்குள்ளதான் இருக்கு. சார்ஜ் போனால் பெத்த மகன் நம்பர் நம்மில் எத்தனை பேருக்கு மனப்பாடம்?

மூணு, சேதி சொல்லப் பழகணும். யாரு, எங்கே, எத்தனை பேரு, என்ன நிலைமை, என்ன வேணும். இந்த அஞ்சும் போதும். "ஐயோ, எல்லாம் போச்சு" என்று அழுதால் கேட்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. "மேலகரம், இன்ன தெரு, ஏழு பேரு, ஒரு கர்ப்பிணி, படகு வேணும்" என்றால் உடனே ஆள் வரும். வாரக் கூட்டத்தில் அஞ்சு நிமிஷம் சொல்லிப் பார்க்கலாம். போன் வேலை செய்யும் வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த ரெண்டையும் இப்பவே எழுதிக்கோங்க.

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. சேதியைச் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்ல நம்ம ஊருக்கு யாரும் கத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன்னாடி, வர்ற கூட்டத்திலேயே இந்த மூணையும் தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கிறேன்.