ஈர்ப்பும் வினையும்: இரு மரப்பால்கள் கற்பிக்கும் வேதியியல்



ஓர் எளிய வினாவோடு தொடங்குகிறேன். நீர் கொதிக்கும்போது எது எதிலிருந்து பிரிகிறது? ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன’ என்று விடையளிக்கும் மாணவர் பலர். அவ்வாறு நிகழ்ந்தால், எழுவது நீராவியாக இராது. தீப்பற்றக்கூடிய வளிக்கலவையாக இருக்கும். உண்மையில் பிரிவது ஒரு நீர் மூலக்கூறு மற்றொரு நீர் மூலக்கூற்றிலிருந்து மட்டுமே. மூலக்கூற்றுக்குள் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புக்கோ ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். முன்னது அகப்பிணைப்பு, பின்னது இடையீர்ப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவருக்குக் கரிம வேதியியல் முழுவதும் மனப்பாடச் சுமையாகிவிடுகிறது. இன்றைய உரையின் நோக்கம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குவதே.

அதற்கு இம்மண்ணோடு தொடர்புடைய இரு மரப்பால்களைச் சான்றாகக் கொள்வோம். ஒன்று ரப்பர். பிரேசில் நாட்டு வித்திலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் வளர்க்கப்பட்ட 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அம்மரமே பின்னர் நம் முன்னோர் பலர் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய பால்மரம் ஆயிற்று. மற்றொன்று மலாய்த் தீவகக் காடுகளுக்கே உரிய கட்டாபெர்ச்சா. 1850களில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டது இதுவே.

இரண்டும் ஐசோபிரீன் என்னும் ஒரே அலகால் ஆன நெடுஞ்சங்கிலிகள்; ஓர் அலகில் ஐந்து கார்பன் அணுக்கள், எட்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஆயினும் ரப்பர் இழுபடுகிறது. கட்டாபெர்ச்சா அறை வெப்பநிலையில் விறைத்து நிற்கிறது. காரணம் வடிவம். ரப்பரில் இரட்டைப் பிணைப்பின் இருமருங்கும் சங்கிலி ஒரே பக்கமாகத் தொடர்வதால், அது வளைந்து நெளிகிறது. பக்கத்துச் சங்கிலியோடு ஒழுங்காகப் பொருந்துவதில்லை. கட்டாபெர்ச்சாவில் சங்கிலி எதிரெதிர்ப் பக்கமாகத் தொடர்வதால், சங்கிலிகள் சீராக அடுக்கப்பட்டு நெருங்குகின்றன. நெருங்க நெருங்க வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு வலுக்கிறது. ஆயினும் அது ஈர்ப்பே, பிணைப்பு அன்று. எனவே வெந்நீரில் இட்டால் கட்டாபெர்ச்சா இளகுகிறது. ஆறினால் மீண்டும் இறுகுகிறது. அதன் மூலக்கூறு மாறுவதில்லை.

இனி வினையைக் காண்போம். 1839ஆம் ஆண்டு சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதிபெறுவதைக் கண்டறிந்தார். வெப்பத்தால் கந்தகத்தின் எண்ணணு வளையம் திறந்து, வினைபுரியும் துண்டுகள் தோன்றுகின்றன. அவை சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே மெய்யான பிணைப்புகளைப் பாலமாக அமைக்கின்றன. ஈர்ப்பு இருந்த இடத்தில் பிணைப்பு வந்தது. ஆகவேதான் வாகனச் சக்கரத்தின் ரப்பரைச் சூடாக்கினால் அது இளகி உருகுவதில்லை, சிதைந்து கருகுகிறது.

மேசை அறையில் நெடுங்காலம் கிடந்த ரப்பர் வளையம் பிசுபிசுத்து அறுவதும் வினையே. இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பறிபோனால், அங்கே இணையற்ற ஓர் எலக்ட்ரான் எஞ்சுகிறது. இதுவே தனியுறுப்பு. அது ஆக்சிஜனோடு சேர்கிறது. சேர்ந்தது அண்டைச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அங்கே மற்றொரு தனியுறுப்பு பிறக்கிறது. ஒன்று பலவாகத் தொடரும் இவ்வினையில் நெடுஞ்சங்கிலிகள் துண்டாகின்றன.

ஈர்ப்பும் வினையும் தொடர்பற்றவை அல்ல என்பதைப் பள்ளி ஆய்வகத்தின் புரோமின் நீர்ச் சோதனை காட்டும். புரோமின் மூலக்கூறு முனைவற்றது. எலக்ட்ரான் செறிந்த இரட்டைப் பிணைப்பை அது நெருங்கும்போது, அதன் எலக்ட்ரான்கள் பின்தள்ளப்பட்டு, அருகிலுள்ள முனை சற்று நேர்மின் தன்மை பெறுகிறது. இவ்வளவில் நின்றால் அது வெறும் ஈர்ப்பு. இன்னும் நெருங்கி, இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் அம்முனைக்குப் பாய்ந்து, இரு புரோமின் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு முறிந்தால் அது வினை. செம்பழுப்பு நிறம் மறைவது அதன் அடையாளம்.

இங்கே கலைச்சொல் குறித்து ஒன்று கூற விழைகிறேன். அந்நேர்முனையைத் தமிழகப் பாடநூல்கள் ‘எலக்ட்ரான் கவர் பொருள்’ என்கின்றன. எலக்ட்ரானை வழங்கும் எதிரிணையைக் ‘கருக்கவர் பொருள்’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பின்னதற்குக் ‘கருநாட்டம்’ என்னும் வழியில் சொல் அமைத்தன. ‘கவர்தல்’ என்றதும் மாணவர் பறித்தலை எண்ணுவர். ஆனால் கருக்கவர் பொருள் எதையும் பறிப்பதில்லை. தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துச் சேர்கிறது. அதன் இயல்புக்கு ‘நாடுதல்’ நெருக்கமானது. எச்சொல்லை ஏற்பினும், அதன் பின்னுள்ள நிகழ்வை ஆசிரியர் விளக்கிய பின்னரே சொல்லைத் தருதல் நலம்.

நம் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியலை வேறு மொழியில் பயில்கின்றனர். அதனால் தமிழில் சிந்திக்கும் பழக்கம் அப்பாடத்தில் அற்றுப்போக வேண்டியதில்லை. எந்த மொழியில் வினாத்தாள் வந்தாலும், ‘இங்கே மூலக்கூறுகள் விலகுகின்றனவா, மூலக்கூறே மாறுகிறதா?’ என்று தமக்குள் தமிழில் கேட்டுக்கொள்ளும் மாணவர் பாதி விடையை அடைந்துவிடுகிறார். அக்கேள்வியை அவர்கள் நாவில் பழக்குவது அறிவியல் ஆசிரியர், தமிழாசிரியர் ஆகிய இருவர்க்கும் பொதுவான கடமையாகும்.