கல்லூரியைத் தெரிதல்



கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் உண்டு. விரிவுரை, பரீட்சை, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்துக்குரியவை. உறைவிடமும் ஆசிரியர் அருகிருந்து கற்பிக்கும் சிறுவகுப்பும் கல்லூரிக்குரியவை. எனவே ஆங்குக் கல்லூரியைத் தெரிவது வாழும் வீட்டைத் தெரிவதேயாம்.

கிறைஸ்ட் கல்லூரியிற் பயின்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம், தாய்நாட்டுக்கும் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் முன்னின்று உழைத்தார். 1942இல் அது பிறந்தது. 1952இல் பேராதனையிற் குடிபுகுந்தது. இன்று அவர் பெயரால் அங்கே விடுதியுண்டு.

நாம் பல்கலைக்கழக விருப்ப வரிசை எழுதியபோது, "தூரம் போனாற் பிள்ளை மாறிவிடும்" என்றனர் உடப்பிற் சிலர். மிஷன் பள்ளியிற் படித்தோம். திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு வரத் தவறினோமா? கடல் கடந்து கற்ற அருணாசலமும் சைவராகவே வாழ்ந்தார். தூரத்துக்கு அஞ்சாது, யாரிடம் எதைக் கற்போம் என்று பார்த்தே தெரிவோமாக.