பேரப்பிள்ளைக்கும் ஒரு வாசல் உண்டு

(திருவேற்காட்டில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)

 

திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர் பக்கம் அரை கிரவுண்டு மனையாவது வாங்கிவிட வேண்டும் என்று இராப்பகலாக உழைக்கிறீர்கள். வாங்கியும் விடுகிறீர்கள். உங்களுக்குப் பின் அது யாருக்கு என்று கேட்டால், "அதுதான் ஷரீஅத்தில் இருக்கிறதே" என்கிறீர்கள்.

இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அதை உறுதி செய்தது. அன்று விவசாய நிலம் அதில் சேரவில்லை; 1949இல் சென்னை மாகாணத்தில் செய்த திருத்தத்தால் வயலும் தோப்பும் உள்ளே வந்தன. ஆனால் அதே ஷரீஅத் வஸிய்யத் என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறதே, நம்மில் எத்தனை பேர் அதில் நுழைந்தோம்?

ஒரு கணக்குப் போடுங்கள். கடன் போக 48 லட்சம் சொத்துள்ள ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் முன்பே இறந்துவிட்டார்; அவருடைய பிள்ளைகள் பாட்டனார் வீட்டில்தான் வளர்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். மீதியில் மகனுக்கு 28, மகளுக்கு 14. அந்த எத்தீம் பிள்ளைகளுக்கு? ஒன்றுமில்லை! சிற்றப்பா உயிரோடிருப்பதால் அவர்கள் வாரிசாக மாட்டார்கள்.

ஷரீஅத்தைக் குறை சொல்லாதீர்கள். வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை எழுதி வைக்கலாம், யார் சம்மதமும் வேண்டாம் என்பதும் அதே ஷரீஅத்தான். அந்தப் பாட்டனார் 16 லட்சம் வரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எகிப்து 1946இல் இதைக் கட்டாய வஸிய்யத்தாகவே சட்டமாக்கியது. பாகிஸ்தான் 1961இல் பேரப்பிள்ளைகளுக்கு நேரடியாகவே பங்கு கொடுத்தது. நம் ஊரில் அப்படிச் சட்டமில்லை. பாட்டனார் எழுதினால்தான் உண்டு.

மூன்றில் ஒன்றுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கூடுதலாகக் கேட்டபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மூத்த மகன் கடையைப் பார்த்துக்கொண்டான் என்பதற்காகக் கடையை அவன் பெயருக்கு உயில் எழுதுவதும் நிற்காது. உங்களுக்குப் பின் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். (பெண்பிள்ளைகளிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது, பெரியவர்களே!) உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்ததாகச் சொல்லிவிட்டுச் சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டால் அது ஹிபா அல்ல. அனுபவத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒன்று. பங்கு பிரிக்குமுன் கடன் தீர வேண்டும். கைமாற்று, சரக்குப் பாக்கி மட்டுமல்ல, மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான். யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரு நோட்டுப் போடுங்கள். வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கும் கை, உரிமையாளர் அல்ல என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளுக்கும் 2023இல் அதே தீர்ப்பு.

முஸ்லிமின் உயில் வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் வாய்ச்சொல்லை நம்பி வங்கியோ தாசில்தாரோ எதையும் நகர்த்த மாட்டார்கள். எழுதுங்கள், பங்கில்லாத இருவரைச் சாட்சி வையுங்கள். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். செய்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நகல் நிற்கும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மட்டும் வீட்டம்மாவிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.