மாநகரசபை மைதானத்தில் மூன்று இரவுகள்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், கொழும்புக் கிளையைச் சேர்ந்த ஆறு பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பாடசாலைக்கால இசை நினைவுகளைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். பரிசளிப்பு விழாப் பாடல்கள், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள், அந்தப் பரீட்சைகளுக்கு முதல்நாள் எங்களுக்கு வந்த காய்ச்சல்கள் எல்லாவற்றையும் எங்களுக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சொல்லப்போவது பாடசாலையை விட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஒன்று.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் யாழ்ப்பாண இசை விழா மூன்று நாட்கள் நடந்தது. சேவாலங்கா மன்றமும் நோர்வே நாட்டின் இசை நிறுவனமொன்றும் சேர்ந்து நடத்தின. நோர்வே என்றால் எங்கள் எல்லோருக்கும் 2002ஆம் ஆண்டுச் சமாதானப் பேச்சுத்தான் நினைவுக்கு வரும். இந்தமுறை இசையோடு வந்திருந்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. யாழ்தேவி அப்போது யாழ்ப்பாணம்வரை ஓடவில்லை, அது 2014இல்தான் வந்தது. ஆறு பேரும் வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, ஓமந்தையில் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டி, விடியற்புறம் ஊர் வந்து சேர்ந்தோம்.

தங்குவதற்கு இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. உறவினர் வீடுகள் சிலவற்றில் கூரையில்லை, சிலவற்றில் உறவினரே இல்லை. கடைசியில் நகரத்துக்குள் பெண்கள் விடுதி ஒன்றில் கட்டிலுக்கு ஐந்நூறு ரூபா என்று இடம் பிடித்தோம். ஒரே அறையில் எட்டுக் கட்டில், இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று சுற்றுவதாகச் சத்தம் மட்டும் போட்டது. நுளம்புவலைகளில் ஓட்டை. குளிப்பதற்குப் பின்வளவில் கிணறும் வாளியும். ஆனால் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தபோது யாரும் குறை சொல்லவில்லை. பொறுப்பாக இருந்த அம்மா முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்: "பிள்ளையள், ஒன்பது மணிக்குக் கேற் பூட்டுப்படும்." எங்களில் இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளையள் என்று கேட்டுக் கனகாலமாகியிருந்தது. விழாவோ ஒன்பது மணிக்கு முடிகிற விழா அல்ல. முதல் இரண்டு இரவும் பாதியில் எழுந்து ஓட்டோ பிடித்து ஓடினோம்.

விழா மாநகரசபை மைதானத்தில். ரிக்கற் கிடையாது. சுற்றிவரச் சீருடையினர் நின்றார்கள். சனம் முதலில் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் மேடையைப் பார்த்தது. தென்னிலங்கை மேளக்காரர் ஏறியபோது கொஞ்சநேரம் ஒரு கைதட்டலும் இல்லை. பிறகு பின்வரிசைப் பெடியள் தாளத்துக்குக் கை போடத் தொடங்கினார்கள். அளவெட்டியிலும் இணுவிலிலும் விடியவிடிய இரண்டு மூன்று கூட்டு மேளக் கச்சேரி கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள். மேளம் யாருடையது என்பதை அவர்களின் கை அதிகநேரம் யோசிக்கவில்லை.

இந்த விழாவை நாங்கள் ஒரு பரிசோதனை என்றே சொல்லுவோம். வெளிநாட்டுக்காரர் வந்ததற்காக அல்ல. எங்கள் ஊர்க் கூத்தும் சிங்கள நாட்டார் இசையும் கடல் கடந்து வந்த இசையும் ஒரே மேடையில், ஒரே விளக்கில், உயர்வு தாழ்வு என்ற வரிசையில்லாமல் அடுத்தடுத்து வந்தன. எங்களுக்கு அது பழக்கமில்லாத விடயம். நாங்கள் படித்த காலத்தில் இசை என்றால் தம்பூராச் சுருதிக்குள் அடங்கியது. பக்கத்துக் கோயில் திருவிழாவில் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் நடந்தால், எங்கள் விடுதி யன்னல்கள் சாத்தப்படும். அறுபதுகளிலேயே பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' கூத்துகளை மேடையேற்றிவிட்டார். பட்டதாரிகள் ஆடினால் கூத்துக்கு மதிப்பு வந்தது. எங்கள் இசை வகுப்புக்குள் மட்டும் அது வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு கரையோர ஊர்க் கூத்து. மத்தளம் விழுந்ததும், முன்னால் மண்ணில் பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எல்லாப் பாட்டையும் சேர்ந்து பாடத் தொடங்கினார். மேடையில் மைக் இருந்தது. இருந்தும் அவருடைய குரல் எங்கள் கதிரைவரை தனியாக வந்து சேர்ந்தது. எங்களில் ஒருத்தி என் கையைப் பிடித்து, "எடியே, இது அவள்தான்" என்றாள்.

அவர் எங்கள் வகுப்புத் தோழி. அண்ணாவியாரின் மகள். எட்டாம் வகுப்பில் பரிசளிப்பு விழாப் பாட்டுக்குத் தெரிவு நடந்தபோது, அவர் வாய் திறந்ததும் வகுப்பே சிரித்தது. "இது கூத்துக்காரத் தொண்டை, சங்கீதத்துக்கு ஆகாது" என்று சொல்லப்பட்டது. சொன்னவரைக் குறைசொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அன்றைய கேள்விஞானம் அது. சிரித்தது நாங்கள். அதற்குப் பிறகு அவர் பாட்டு வகுப்பில் பின்வாங்கில் இருந்து கொப்பியில் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

கூத்து முடிந்ததும் ஓடிப்போய்ப் பிடித்தோம். பேரனை மகனோடு அனுப்பிவிட்டு எங்களோடு வந்தார். விடுதிக்குப் போனால் மணி பத்தரை, கேற் பூட்டு. தட்டிப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் வரிசையாக இருந்தோம். கனநேரம் செத்தவீடுகளையும் இடப்பெயர்வுகளையும் கதைத்தோம். ஆர் உயிரோடு, ஆர் எந்த நாட்டில் என்று கணக்கெடுத்தோம். பிறகு அவராகவே கேட்டார்:

"ஏன்டி அப்ப சிரிச்சனீங்கள்?"

கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். ஆறு பேருக்கும் பதில் வரவில்லை.

"அப்பு எனக்கு மைக் இல்லாமப் பாடப் பழக்கினவர். கடற்கரையில நிண்டு பாடுவார். அலைக்கு மேலால கேட்கோணும், கடைசிப் பாயில இருக்கிற கிழவிக்கும் சொல்லு விளங்கோணும். அதுதான் அந்தத் தொண்டை. வகுப்பறைக்குள்ள அது பெரிசாத்தான் இருந்திருக்கும்."

பாடச் சொன்னோம். பாடினார், தாழ்த்தாமல். இரண்டாவது பாட்டில் உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. பொறுப்பு அம்மா திறப்போடு வந்துவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தோம். அவர் கேற்றுக்கு உள்ளே நின்றார், திறக்கவுமில்லை, ஏசவுமில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் பூட்டைத் திறந்து, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டார். அன்றிரவு இன்னொரு கட்டிலுக்கும் ஆள் கிடைத்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

2013இலும் யாழ்ப்பாணத்தில் விழா நடந்தது. அதற்கு அவர்தான் எங்களுக்கு முன்வரிசையில் பாய் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

இனி நாங்கள் வந்த காரியம். கொழும்புக் கிளை சேர்த்த பணத்தில் மத்தளம் இரண்டும் தாளம் இரண்டு சோடியும் வாங்கி இசை அறைக்குக் கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை காலைகளில் கூத்துப் பாட்டுப் பழக்க ஓர் அண்ணாவியார் சம்மதித்திருக்கிறார். அவருடைய போக்குவரத்துச் செலவு மூன்று ஆண்டுகளுக்கு எங்கள் பொறுப்பு. அதிபர் அவர்கள் அனுமதி தந்துவிட்டார். தெரிவு வைக்க வேண்டாம், வருகிற பிள்ளைகள் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை.

தோழியை இன்று இந்த மேடைக்கு அழைத்தோம். வரமாட்டேன் என்றார். முதலாவது சனிக்கிழமை வந்து பின்வாங்கில் இருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.