வாய்தா வாங்கியே வயசு போகணுமா?

நெற்குப்பை தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.



செட்டிநாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீடு, வாசல்ல பூட்டு. பூட்டுன வீடெல்லாம் வழக்குல கிடக்குன்னு நான் சொல்லல. ஆனா பங்காளிகளுக்குள்ள பாகப்பிரிவினை வழக்கு வந்துட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரு பங்குதாரர் இறந்தா அவரோட வாரிசுகளை வழக்குல சேர்க்கணும். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் மலேசியாவில. எல்லாருக்கும் நோட்டீஸ் போகணும். யாருக்கு எத்தனை பங்குன்னு தீர்ப்பு வந்த பிறகும் முடியாது. எந்தப் பகுதி யாருக்குன்னு பிரிக்க கமிஷனர் வரணும், அப்புறம் இறுதித் தீர்ப்பு வரணும். அதுக்குள்ள ஓடு சரிஞ்சு, உத்தரத்துல கரையான் ஏறிரும்.

வீடு போனா திரும்பக் கட்டலாம். மனுஷங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு நீதி தாமதமானா?

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியை நினைச்சுப் பாருங்க. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள்ள புகுந்தாங்க. வீடுகளைச் சூறையாடினாங்க. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. போராடிப் போராடித்தான் வழக்கு சிபிஐ கைக்கே போச்சு. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம்! குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க. மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பு. மேல்முறையீட்டுல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது 2023 செப்டம்பர் 29. சரியா இன்னொரு பன்னிரண்டு வருஷம்.

அந்தப் பெண்கள் ஜெயிச்சாங்க. நீதிமன்றத்து மேல நம்பிக்கை வைக்கலாம்னு நமக்குக் காட்டுனதே அவங்கதான். ஆனா ஒரு பெண் தன் இளமை முழுசையும் கோர்ட் வாசல்ல காத்திருந்துதான் நீதி வாங்கணும்னா, அது என்ன ஏற்பாடு?

இதுக்கு நீதிபதிகள் மேல கோபப்பட்டுப் பயனில்லை. நாடு முழுக்க 5 கோடிக்கு மேல வழக்கு தேங்கிக் கிடக்கு. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதி வேணும்னு சட்ட ஆணையம் 1987-லயே சொல்லிருச்சு. அஞ்சு வருஷத்துக்குள்ள அதைச் செய்யுங்கன்னு உச்ச நீதிமன்றம் 2002-ல உத்தரவே போட்டுச்சு. இன்னைக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களே ஏறத்தாழ 21தான். 2016-ல தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர், பிரதமர் இருந்த மேடையிலேயே இதைச் சொல்லிக் கண்கலங்கினார். அதுக்கும் அசையல.

சட்டத்துல ஓட்டை இருக்கான்னு கேட்டா, சட்டம் நல்லாத்தான் இருக்கு. உரிமையியல் வழக்கு விசாரணையில ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கிடையாதுன்னு எழுதியே வச்சிருக்கு. மூணே வாய்தாவுல முடிஞ்ச வழக்கை உங்க ஊர்ல யாராவது பார்த்திருக்கீங்களா? ஒரே நாள்ல கட்டுக் கட்டா வழக்கு வந்தா நீதிபதி என்ன செய்வார்? தேதிதான் குடுக்க முடியும்.

அதனால நாம கேட்கிறது நாலு விஷயம்.

ஒண்ணு: காலியா இருக்கிற நீதிபதி இடங்களை உடனே நிரப்புங்க. ஒருத்தர் ஓய்வுபெறும் தேதி முன்னாடியே தெரியும்தானே? தேர்வையும் முன்னாடியே நடத்துங்க.

ரெண்டு: நீதிபதியை மட்டும் போட்டா பத்தாது. சுருக்கெழுத்தர், எழுத்தர், கட்டடம் எல்லாம் வேணும். பட்ஜெட்ல பணம் ஒதுக்குங்க.

மூணு: நாட்டிலேயே அதிக வழக்கு வச்சிருக்கிறது அரசாங்கம்தான். ஓய்வூதியம் கேட்டு ஜெயிச்ச முதியவர் மேல அப்பீலுக்கு மேல அப்பீல் போடுற பழக்கத்தை நிறுத்துங்க.

நாலு: பெண்கள், பட்டியலின, பழங்குடி மக்கள் மேல நடந்த கொடுமை வழக்குகளுக்குக் காலக்கெடு வச்சு, அதை மாசாமாசம் மக்களுக்குச் சொல்லுங்க.

ஒன்றிய அரசு, மாநில அரசு, உயர் நீதிமன்றம், மூணு பேருக்கும் இதுல பொறுப்பு உண்டு. நாளைக்கு நாமளே ஆட்சியில இருந்தாலும் இதே கேள்வியை நீங்க நம்மகிட்ட கேட்கணும்.

கடைசியா, தாய்மார்களுக்கு ஒரு சேதி. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. அது உரிமை, தர்மம் இல்லை. 15100-க்குப் போன் பண்ணுங்க, இல்லைன்னா பக்கத்துல உள்ள நீதிமன்றத்துல சட்டப் பணிகள் குழுவைப் பாருங்க. வக்கீலுக்குக் குடுக்கக் காசில்லைன்னு இனி யாரும் வீட்டுக்குள்ள அழுதுட்டு இருக்க வேண்டாம்.

உங்க வீட்டு வழக்கு எத்தனை வருஷமா நடக்குது? வருஷத்தை மட்டும் கீழே எழுதுங்க. அந்த எண்களைக் கோரிக்கை மனுவோட சேர்த்துக் கொண்டுபோவோம்.



#வாய்தா_போதும்