காய்ச்சல் நேரத்தில் எந்தக் குளிசை?

(குச்சவெளிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோட்டங்களிலிருந்து வந்துள்ள தோழர்களே, குச்சவெளி உறவுகளே,

2017இல் டெங்கு இந்த மாவட்டத்துக் கிண்ணியாவை உலுக்கியதை நாம் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஆனாலும் உடம்பு நோவென்றால் கடையில் கிடைத்த குளிசையைத்தான் இன்னமும் விழுங்குகிறோம்.

நமது இரத்தத்தில் சிறுதட்டுகள் உண்டு. காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை நிறுத்துவது அவைதான். டெங்கு அவற்றைக் குறைக்கும். மிஞ்சியவற்றையும் அஸ்பிரின் ஒட்டவிடாது. அதன் பிடி தளர 7 முதல் 10 நாள் ஆகும். இபுபுரோபன், டைக்குளோபெனக் போட்டாலும் சில மணி நேரம் இதே கதை. வயிற்றிலும் இரத்தம் கசியலாம். ஆகவே காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, கூடினால் ஈரல் கெடும். பிள்ளைகளுக்கு எடை பார்த்து வைத்தியரே சொல்லட்டும்.

இருதய நோய்க்கு வைத்தியர் எழுதித் தந்த அஸ்பிரினை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. காய்ச்சல் வந்த உடனே போய்க் கேட்க வேண்டும்.

கறியில் போடும் உள்ளிக்கும் இஞ்சிக்கும் பயப்பட வேண்டாம். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டிலேயே கிடப்பதுதான் எங்கள் பயம். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் டெங்கு மோசமாகும். மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்கள். வயிற்று நோ, வாந்தி, இரத்தக் கசிவு என்றால் அப்போதே ஆஸ்பத்திரி. அன்றைக்குப் பேர் விழாவிட்டால் போகட்டும்.